தனித்தொழிலரின் கணக்குப் பலகையும் இருவினையொப்பும்

ஃப்ரீலான்ஸ் தொழில் செய்பவர் தமக்கென்று அமைத்துக்கொள்ளும் டேஷ்போர்டு, தொழிலின் எல்லாச் செய்திகளையும் ஒரே திரையில் காட்டும் பலகை. யார் வேலை கேட்டிருக்கிறார்கள், எந்த வேலை எந்த நிலையில் நிற்கிறது, எதை என்றைக்குக் கொடுக்க வேண்டும், எந்த பில் போயிற்று, எந்தப் பணம் வந்தது, யாரிடம் எவ்வளவு பாக்கி, வரிக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பவை அதில் அருகருகே இருக்கும். நிறுவனம் என்றால் இவற்றைக் கவனிக்கத் தனித்தனி ஆட்கள் உண்டு. வசூலுக்குப் போகிறவருக்கு வரைகிறவரின் கவலை இல்லை. வரைகிறவருக்கு வரியின் கவலை இல்லை. தனியாகத் தொழில் செய்பவருக்கோ எல்லாக் கவலையும் ஒரே தலையில். அந்தச் சுமையில் ஒரு பகுதியை இறக்கி வைக்கும் இடமே இந்தப் பலகை.

இது வசதி பற்றிய செய்தி மட்டும் அன்று. இதற்குள் பழைய சமயக் கேள்வி ஒன்று இருக்கிறது. மனிதர் தம் செயலையும் அதன் பயனையும் முழுவதும் எண்ணிக் கணக்கில் அடக்க முடியுமா? அடக்கினால், அந்தக் கணக்கு நேராவதால் மனமும் நேராகுமா? சைவ சித்தாந்தத்தின் வினைக்கொள்கை இந்தக் கேள்வியை நுட்பமாக ஆராய்ந்திருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரின் மேற்கே மடவார் வளாகத்தில் வைத்தியநாதராக வழிபடப்படும் சிவனைப் பற்றிய தலக்கதைகளும் இதே கேள்வியைத் தொட்டுச் செல்கின்றன. எனவே பலகை எப்படி அமைகிறது என்பதில் தொடங்கி, அது எதைக் காட்டாது என்பதுவரை வரிசையாகப் பார்க்க இந்த வட்டாரம் பொருத்தமானது.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி மூன்றும் அருகருகே இருக்கும் தொழில் ஊர்கள். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவத்துக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறார்கள். சிவகாசியில் அச்சுத் தொழில். இந்தத் தொழில்களைச் சுற்றி, கூலிக்கு நெய்பவர், வீட்டிலிருந்து தைத்துக் கொடுப்பவர், லேபிளும் காலண்டரும் வடிவமைப்பவர், பல கடைகளுக்குக் கணக்கெழுதுபவர், இணையதளம் செய்து தருபவர் என்று யாருக்கும் மாதச் சம்பளத்துக்கு இல்லாத உழைப்பாளிகள் ஏராளம். ஃப்ரீலான்ஸ் என்ற சொல் புதிது. எடுத்த வேலைக்குக் கூலி என்ற வாழ்க்கைமுறை இந்த மண்ணுக்குப் புதிதன்று.

பலகையைக் கூகுள் ஷீட்ஸிலோ நோஷனிலோ அமைக்கலாம்; வாடிக்கையாளர் குறைவாக இருந்தால் நோட்டுப் புத்தகமே போதும். கருவியைவிட அடிப்படை விதி முக்கியம்: ஒரு செய்தி ஒரே இடத்தில் ஒருமுறைதான் எழுதப்பட வேண்டும், மற்ற இடங்கள் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் பட்டியல் ஒன்று, வேலைப் பட்டியல் ஒன்று, பணப் பட்டியல் ஒன்று. ஒவ்வொரு வேலையும் ஒரு வாடிக்கையாளரோடும், ஒவ்வொரு பில்லும் ஒரு வேலையோடும் கட்டப்பட்டிருந்தால், மேலே நிற்கும் தொகைகள் தாமாகவே சரியாக வரும். அதே தொகையை மூன்று இடங்களில் கையால் எழுதினால் மூன்றாம் மாதம் மூன்றும் மூன்றாக நிற்கும்.

பணப் பட்டியலில் மிகவும் கவனம் கேட்பது நிலுவை. செய்த வேலைக்குரிய பணம் கைக்கு வரும்வரை அது வரவு அன்று. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு தொழிலரிடம் பொருளோ சேவையோ வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி. ஆகவே ஒவ்வொரு பில்லுக்கும் எதிரே அதன் வயதைப் பலகை காட்ட வேண்டும். வரி இன்னொரு கட்டம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். வாடிக்கை நிறுவனங்கள் தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு அரசுக்குக் கட்டும்; அது தொலைந்த பணம் அன்று, முன்கூட்டிக் கட்டிய வரி என்பதால் தனிப் பத்தியில் ஏற வேண்டும்.

பருவம் என்பதைப் பல பலகைகள் மறந்துவிடுகின்றன. சிவகாசிக் காலண்டர் தொழிலில் அடுத்த ஆண்டுக்கான மாதிரி ஆல்பங்கள் ஆடிப்பெருக்கன்று வெளியாவது வழக்கம். அதன் பிறகு ஆர்டர் வரும். மார்கழிவரை வேலை இருக்கும். தை, மாசி தணிந்து போகும். அந்தத் தொழிலை நம்பிய வடிவமைப்பாளரின் மாசி மாதத் திரையில் சென்ற மாதத்தைவிட வரவு குறைவு என்று சிவப்பு அம்பு தோன்றும். அம்பு பொய் சொல்லவில்லை. ஆனால் அது சொல்லும் உண்மையில் பொருளில்லை. மாசியை மாசியோடுதான் ஒப்பிட வேண்டும். ஒப்பிடும் காலம் தவறினால் சரியான எண்ணும் வீண் அச்சத்தையே உண்டாக்கும். எண்ணிலிருந்து மனத்துக்கு ஏறும் இந்த அச்சத்தைத்தான் சமய மரபு ஆராய்ந்தது.

கணக்கையும் வாழ்வையும் ஓரிடத்தில் வைத்துப் பார்ப்பது தமிழருக்குப் பழக்கமானதே. நகரத்தார் கொடுக்கல் வாங்கலில் அன்றாட வரவு செலவு சிட்டையில் ஏறும். அங்கிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டுக்குப் போகும். எல்லாவற்றையும் திரட்டி ஐந்தொகை எடுப்பார்கள். பர்மாவிலோ மலாயாவிலோ இருந்த கடையின் நிலையைச் செட்டிநாட்டில் இருந்த முதலாளி அந்த ஐந்தொகையைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரருக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு இதைவிட விரிந்தது. கப்பல் வந்தது, சரக்கின் நிலவரம், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸோடு பேசிய பேச்சு, கோட்டைக்குள் நடந்த சூழ்ச்சி, வீட்டு விசேஷம், நல்ல நேரம் கெட்ட நேரம் எல்லாம் அதில் பிரிக்கப்படாமல் அடுத்தடுத்து வருகின்றன. வியாபாரமும் அரசியலும் ஜாதகமும் அவருக்கு ஒரே வாழ்க்கையின் பகுதிகள். இன்றைய பலகை தொழிலை மட்டும் பிரித்தெடுத்துக் காட்டுவது நுணுக்கம்தான். ஆனால் அந்தப் பிரிப்பில் இழப்பும் இருக்கிறது.

பழைய கணக்கில் தெய்வத்துக்கு இடம் இருந்தது. ஏடு பிள்ளையார் சுழியோடு தொடங்கியது. களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று சொன்னார்கள். ஆயுத பூசையன்று கணக்கேடுகள் சாமி முன் அடுக்கப்பட்டன. இன்று அதே இடத்தில் லேப்டாப்புக்குச் சந்தனமும் குங்குமமும் இடுகிறார்கள். இது தமிழ்நாட்டு வழக்கம் மட்டும் அன்று. 1494-இல் வெனிசில் அச்சான நூலில் இரட்டைப் பதிவு முறையை விளக்கிய லூக்கா பச்சோலி என்ற பிரான்சிஸ்கன் துறவி, வணிகர் தம் ஏடுகளை இறைவன் பெயரால் தொடங்க வேண்டும் என்று அறிவுரை சொல்கிறார். எண்ணைத் தொடும் முன் எண்ணுபவர் தாம் எல்லாவற்றுக்கும் உரிமையாளர் அல்லர் என்று ஒப்புக்கொள்வது இரண்டு மரபுக்கும் பொது.

ஒப்புக்கொள்வதோடு நில்லாமல் அதைத் தொகையாகவே எழுதியது மகமை. வணிகர் நடக்கும் வியாபாரத்தில் சிறு பங்கைக் கோயிலுக்கும் பொதுக் காரியத்துக்கும் ஒதுக்குவது மகமை எனப்பட்டது. இன்றைய விருதுநகர் மாவட்டத்து நாடார் சமூக அமைப்புகளான உறவின்முறைகள் அதைக் கொண்டு ஊர்ப் பொதுப்பணிகளை நடத்தின. காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலை, வீட்டுக்கு வீடு சமைக்கும் முன் எடுத்து வைத்த பிடி அரிசியால் தாங்கப்பட்ட பள்ளி. இங்கே கவனிக்க வேண்டியது ஒதுக்கும் நேரம். செலவெல்லாம் போக மிச்சமிருந்தால் கொடுப்பது வேறு. உலையில் போடும் முன் ஒரு பிடியைத் தனியே வைப்பது வேறு. முன்னதில் கொடை மீதியைப் பொறுத்தது. பின்னதில் அது கணக்கின் முதல் வரி. திருக்குறளின் இல்வாழ்க்கை அதிகாரம் இல்லறத்தார் பேண வேண்டியவர்களை ஐவகையாகச் சொல்லும்போது முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார் என்று வரிசைப்படுத்தி, தன்னை ஐந்தாவதாக வைக்கிறது. வரவு முழுவதும் தனக்கே என்று தொடங்கும் பலகையின் அமைப்பு இதற்கு நேர் எதிரானது.

இனி வினைக்கொள்கை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டாரின் சிவஞானபோதமும், அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியாரின் சிவஞானசித்தியாரும் நிலைநிறுத்திய சைவ சித்தாந்தம், உயிரின் வினையை மூன்றாகப் பகுக்கிறது. பல பிறவிகளில் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதிலிருந்து இந்தப் பிறவிக்கென்று பிரிந்து இன்ப துன்பமாக நுகரப்படுவது பிராரத்தம். நுகரும்போதே விருப்பு வெறுப்பால் புதிதாக ஈட்டப்படுவது ஆகாமியம். கணக்கெழுதிப் பழகியவருக்கு இது உடனே புரியும்: முன் இருப்பு, நடப்பு, புதிய பற்று. ஆகாமியம் மீண்டும் சஞ்சிதத்தில் சேர்வதால் ஏடு முடிவதே இல்லை.

இந்த ஒப்புமை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. அங்கேதான் சித்தாந்தத்தின் தனித்தன்மை வெளிப்படுகிறது. செயலே தன் பயனைத் தரும், நடுவில் ஒருவர் வேண்டியதில்லை என்று மீமாஞ்சகர் கருதினர். சமணத்தில் வினை நுண்பொருளாக உயிரைப் பற்றித் தானே பயன் விளைக்கும். சித்தாந்தி இவற்றை ஏற்பதில்லை. வினை சடம், அதற்கு அறிவில்லை. செய்த அளவிலேயே அழிந்துபோகும் செயல், யார் செய்தார், எப்போது, எந்த அளவு என்று அறிந்து செய்தவரையே தேடி வந்து சேர முடியாது. உயிருக்கும் தன் வினை முழுவதையும் அறியும் ஆற்றல் இல்லை. ஆகவே அறிவுடைய முதல்வன் ஒருவனே வினையையும் உயிரையும் கூட்டுவிக்கிறான்.

பலகைக்கு இதில் பாடம் உண்டு. எண்களும் சடம். மூன்று மாதமாகப் பணம் தராத வாடிக்கையாளரின் பெயர் சிவப்பு எழுத்தில் மின்னிக்கொண்டிருப்பதால் மட்டும் பணம் வருவதில்லை. யாராவது எடுத்துப் பேச வேண்டும். இது எளிய உண்மை. ஆனால் திரையை அழகுபடுத்துவதிலேயே நாட்களைக் கழிப்பவர் மறப்பது இதைத்தான். வேறொரு பக்கமும் இருக்கிறது. தன் வினை முழுவதையும் உயிர் அறியாது என்று சித்தாந்தம் சொல்வதுபோல், தன் தொழிலின் காரணங்கள் முழுவதையும் தொழிலர் அறிய முடியாது. ஓர் ஆண்டு வரவு கூடியதற்குத் தம் திறமை காரணமா, காகித விலை இறங்கியது காரணமா, யாரோ ஒருவர் எங்கோ சொன்ன நல்ல வார்த்தை காரணமா என்று எந்தப் பத்தியும் பிரித்துக் காட்டாது. கூட்டுத்தொகையைப் பார்த்து இது முழுவதும் என் செயல் என்று நினைப்பதை, அறிவு குறைந்தவன் கொள்ளும் முழுமை எண்ணம் என்றே மரபு கருதும்.

வினை தீர்வதைப் பற்றி சித்தியார் தரும் விளக்கம் மருத்துவத்திலிருந்து எடுக்கப்பட்டது. மருத்துவர் சில நோய்களை அறுத்தும் கீறியும் போக்குகிறார். சிலவற்றை இனிப்பான மருந்து கொடுத்துப் போக்குகிறார். அதுபோல் இறைவன் துன்பத்தை ஊட்டியும் இன்பத்தை ஊட்டியும் வினையைக் கழிக்கிறான் என்கிறது அந்நூல். இன்பம் பரிசும் அன்று, துன்பம் தண்டனையும் அன்று, இரண்டும் சிகிச்சை. வைத்தியநாதன் என்ற பெயருக்குச் சித்தாந்தம் தரும் ஆழமான பொருள் இதுவாகத்தான் இருக்க முடியும். பெரிய ஆர்டர் கிடைத்த மாதமும் ஒன்றும் கிடைக்காத மாதமும் ஒருவருக்கு எதற்காக வந்தன என்பதை லாப நட்டப் பத்திகள் தீர்மானிப்பதில்லை.

இதிலிருந்து பிறப்பதுதான் இருவினையொப்பு. உயிர் வீடுபேற்றுக்குப் பக்குவப்படும் வரிசையில் இருவினையொப்பு, மலபரிபாகம், சத்திநிபாதம் என்று மூன்றைச் சொல்வார்கள். அவற்றில் இருவினையொப்பு என்பது நல்வினை, தீவினை ஆகிய இரண்டும் ஒப்பாகும் நிலை. ஒப்பு எங்கே நிகழ்கிறது என்பதுதான் கேள்வி. தராசின் இரு தட்டுகள்போல் நல்வினையின் அளவும் தீவினையின் அளவும் சரிசமமாகி ஒன்றையொன்று தீர்த்துக்கொள்வதாக ஒரு கருத்து எளிதில் தோன்றும். வரவும் செலவும் சரியானால் கணக்கு முடிந்தது என்பதுபோல. பதினெட்டாம் நூற்றாண்டில் சிவஞானபோதத்துக்கு மாபாடியம் எழுதிய சிவஞான முனிவரின் வழியில் வரும் விளக்கம் இதைத் தள்ளுகிறது. ஒப்பு, வினையின் அளவில் இல்லை. வினையையும் அதன் பயனையும் எதிர்கொள்ளும் உயிரின் அறிவில் இருக்கிறது. புண்ணியத்தின் பயனிடத்தும் பாவத்தின் பயனிடத்தும் ஒரே மாதிரியான பற்றின்மை உண்டாவதே இருவினையொப்பு. ஒன்றை நாடி ஓடுவதும் மற்றொன்றைக் கண்டு ஒடுங்குவதும் நின்றுவிடுகின்றன.

இந்தப் பாகுபாடு மிகவும் பெரியது. அளவில் ஒப்பு என்றால், எண்ணிக்கொண்டே போனால் ஒரு நாள் சமநிலை கிட்டும். அறிவில் ஒப்பு என்றால், எண்ணுவதால் அது கிட்டாது. எந்த எண் வந்தாலும் அதன்முன் நிற்கும் முறையால் மட்டுமே கிட்டும். டேஷ்போர்டு வாக்களிப்பது முதல் வகை அமைதியை. எல்லாம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் கவலை தீரும் என்று அதைச் செய்கிறவர் நம்புகிறார். கவலையில் ஒரு பகுதி உண்மையாகவே தீர்கிறது: மறந்துபோகுமோ என்ற அச்சம், வரிக் கெடு தவறுமோ என்ற அச்சம். தீராத பகுதி, அடுத்த மாதம் என்ன ஆகும் என்பது. அதற்குத் திரையில் விடையில்லை. விடை தேடி ஒரு நாளில் பலமுறை திரையைத் திறப்பவர், வரவு ஏறினால் பூரித்தும் இறங்கினால் வாடியும், பிராரத்தத்தை நுகரும் போதே ஆகாமியத்தை ஈட்டுவது என்று நூல்கள் சொல்வதைச் செய்துகொண்டிருக்கிறார்.

இதற்கு மறுதலையாக, கணக்கே வேண்டாம் என்று சொல்வதும் பிழை. கீதை செயலில் உரிமை உண்டு, பயனில் இல்லை என்று போதிப்பதைக் காட்டி, பணத்தைப் பற்றி நினைப்பதே தாழ்வு என்று கருதுவோர் உண்டு. உரிய பில்லை அனுப்பாமல் இருப்பது பற்றின்மை ஆகாது. பில் அனுப்புவதும் நிலுவையைக் கேட்பதும் தொழிலின் பகுதியான செயல்களே. கீதை விடச் சொல்வது செயலை அன்று. கேட்கக் கூசி விட்டுவிட்டு உள்ளுக்குள் வருந்துபவர் செயலையும் விட்டார், பயனையும் பற்றிக்கொண்டார். லண்டனில் மாணவராக இருந்தபோதே ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதியவர் காந்தி. பின்னாளில் பெருந்தொகையான பொதுப் பணத்தைக் கையாண்டபோது அந்தப் பழக்கம் துணை நின்றதாகத் தம் சுயசரிதையில் குறிப்பிடுகிறார். கீதையைத் தம் வாழ்வின் அகராதியாகக் கொண்ட அவருக்குக் கணக்கும் பற்றின்மையும் முரண்படவில்லை. பொறுப்பு என்பது எண்ணை நேராக எழுதுவது. அந்த எண்ணால் மனம் அலையாதிருப்பது அதற்கு அடுத்த படி. முதல் படியைத் தாண்டிக் குதிக்க வழியில்லை.

மடவார் வளாகத்தின் தலக்கதைகளில் ஒன்று, செய்தி எதற்கு என்ற கேள்விக்குக் கூர்மையான எடுத்துக்காட்டு. 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர் தீராத வயிற்று நோயால் வருந்தி, வைத்தியநாதர் சந்நிதியில் தங்கி வழிபட்டுக் குணமடைந்தார் என்று தலவரலாறு கூறுகிறது. நன்றிக்கடனாகத் தம் பல்லக்கைக் கோயிலுக்குக் கொடுத்தார் என்றும், இக்கோயிலில் உச்சிக்கால பூசை முடிந்தது தெரிந்த பிறகே உண்பது என்று உறுதி பூண்டார் என்றும் சொல்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மதுரைக்கும் இடையே சுமார் 75 கிலோமீட்டர். அதற்காக வழிநெடுக மண்டபங்கள் கட்டி நகரா முரசுகளை வைத்தார். இங்கே பூசை முடிந்ததும் முதல் முரசு ஒலிக்கும். அதைக் கேட்டு அடுத்தது. அப்படியே ஒலி மதுரை அரண்மனையை எட்டும். திருச்செந்தூர் பூசை மணியைப் பாஞ்சாலங்குறிச்சியில் கேட்க மணி மண்டபங்கள் வைத்ததாகக் கட்டபொம்மனைப் பற்றியும் இதே வகைக் கதை வழங்குகிறது.

தொலைவில் நடப்பதை இருந்த இடத்தில் அறிய ஏற்பாடு செய்வதுதான் பலகையின் வேலை. அந்த வகையில் நகரா வரிசையும் ஒரு பலகையே. ஆனால் அதன் அமைப்பு வேறு. எழுபத்திரண்டு பாளையங்களின் செய்திகளும் வந்து சேர்ந்த அரசருக்குத் திறை, படை, கலகம் பற்றிய தகவலுக்குக் குறைவிருந்திராது. அவற்றுக்கெல்லாம் மேலாகத் தம் அன்றாடத்தை நிறுத்தி வைக்கும் அளவுக்கு அவர் காத்திருந்த செய்தி, அவருடைய உடைமையைப் பற்றியது அன்று. இன்னொரு சந்நிதியில் இன்னொருவருக்குப் படைக்கப்பட்டதா என்ற ஒரே செய்தி. வந்ததும் செய்ய வேண்டியதும் ஒன்றே: எழுந்து போய்ச் சாப்பிடுவது. கூடிற்றா குறைந்ததா என்று ஆராய அதில் இடமில்லை. பிடி அரிசியில் கண்ட வரிசைதான் இங்கும்: தன் உணவுக்கு முன் இன்னொருவர் பங்கு. தனித்தொழிலரின் திரையில் எல்லா எண்களும் என் வரவு, என் நேரம், என் பாக்கி என்றே இருக்கும்போது, தம்மைச் சாராத ஒரு வரி அதில் இருக்க வேண்டியதன் தேவையை இந்தக் கதை எந்த விளக்கத்தைவிடவும் நன்றாகக் காட்டுகிறது.

இத்தலத்தின் மற்றொரு கதை கணக்கின் எல்லையைக் காட்டுகிறது. பிள்ளைப்பேற்றுக்காகத் தாய்வீடு நோக்கி நடந்த பெண்ணுக்கு வழியிலேயே வலி கண்டது. தாய் வந்து சேரவில்லை. அப்போது சிவன் அவள் தாயின் வடிவில் வந்து பேறு பார்த்தார். தாகம் என்றவளுக்கு நிலத்தைக் கீறி நீர் வரவழைத்துக் கொடுத்தார். உண்மையான தாய் வந்தபோதுதான் வந்தது யார் என்பது தெரிந்தது. திருச்சியில் தாயுமானவரைப் பற்றி வழங்கும் கதையும் இதுபோன்றதே. பேறு பார்த்தவருக்குக் கூலி கொடுக்கப்படவில்லை, கேட்கப்படவும் இல்லை. வந்தவர் யாரென்றே தெரியாதபோது எந்தப் பெயரில் பற்று எழுதுவது?

தனியாகத் தொழில் செய்பவர் உண்மையில் தனியாக இல்லை. வேலை முடியும் வரை குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் மாமியார், மின்சாரம் போன இரவில் தன் வீட்டில் இடம் கொடுத்த அண்டை வீட்டார், முதல் வாடிக்கையாளரை அனுப்பி வைத்த பழைய ஆசிரியர், இவர்கள் யாரும் எந்தப் பத்தியிலும் இல்லை. மணிக்கு இவ்வளவு என்று கூலி நிர்ணயிக்கும்போது இவர்களின் மணிகள் சேர்வதில்லை. சேர்த்தால் பல தொழில்கள் லாபத்தில் இல்லை என்பது தெரியவரும். வைதிக மரபு தேவர்கடன், முனிவர்கடன், முன்னோர்கடன் என்று மூன்றைச் சொல்லி, பிறந்தபோதே மனிதர் கடன்பட்டவர் என்கிறது. இவை அடைத்து முடிக்கும் கடன்கள் அல்ல. வழிபாடு, கல்வி, மக்கட்பேறு வழியாக ஏற்றுக்கொண்டு தொடர்ந்து செலுத்தும் கடன்கள். எண்ணில் அடங்காத இந்த உதவிக்கு எண் கொடுக்க முயன்றால் அது கெட்டுவிடும். பெயர்களை மட்டும் ஒரு மூலையில் எழுதி வைக்கலாம். தொகைக்கான இடம் வெறுமையாக இருப்பதே அங்கே சரியான பதிவு.

மனத்தையே கணக்கில் வைக்க முயன்ற மரபுகளும் உண்டு. இயேசு சபையை நிறுவிய கிறித்தவப் புனிதர் இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளில், விட நினைக்கும் குற்றத்தில் எத்தனை முறை விழுந்தோம் என்பதைக் கோடு போட்டுப் புள்ளியிட்டு, நாளுக்கு நாள் ஒப்பிடச் சொல்கிறார். பெஞ்சமின் பிராங்கிளின் 13 நற்பண்புகளுக்கு அட்டவணை வகுத்துத் தவறியபோதெல்லாம் புள்ளியிட்டார். இரண்டிலும் பார்க்கும் நேரம் வரையறுக்கப்பட்டிருந்தது என்பதே நடைமுறைக்கு உதவும் செய்தி. இஞ்ஞாசியாரிடம் நண்பகல் உணவுக்குப் பின் ஒருமுறை, இரவு உணவுக்குப் பின் ஒருமுறை. நாள் முழுவதும் அன்று. கோயிலிலும் காலத்துக்கு ஒரு பூசை என்ற ஒழுங்கு உண்டு. சந்நிதி எந்நேரமும் திறந்திருப்பதில்லை. தொழில் பலகைக்கும் இதுவே பொருந்தும். அன்றைய வேலைப் பட்டியலைக் காலையில் பார்க்கலாம். பணத்தை வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். பருவத் தொழிலின் லாப நட்டத்தை ஆண்டுக்கு ஒருமுறைதான் உருப்படியாகப் பார்க்க முடியும். கைபேசியில் நொடிக்கு நொடி வரவைச் சொல்லும் அறிவிப்பை அணைத்து வைப்பது தொழில் நலனுக்கும் நல்லது.

மேலே சொன்னவற்றை ஏற்றால் பலகையின் அமைப்பு சற்று மாறும். வரவின் முதல் வரியில் ஒதுக்கீடு நிற்கும்: வரி, பிறகு மகமை, பிறகு வீடு, பிறகு தொழில். செய்ய வேண்டிய செயலைச் சுட்டாத எண் எதுவும் முகப்பில் இராது. மொத்த வரவின் வளைகோட்டுக்குப் பதிலாக, இன்று யாரிடம் பேச வேண்டும் என்ற பெயர் நிற்கும். சென்ற மாதத்தோடு ஒப்பீடு நீங்கி, சென்ற ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பீடு வரும். கூலி பெறாதவர்களின் பெயர்கள் தொகையின்றி இருக்கும். இவை அனைத்தும் கருவியில் எளிதாகச் செய்யக்கூடியவை.

மிஞ்சுவது வராக்கடன். வேலையை வாங்கிக்கொண்டு பணம் தராமல் போனவர்கள் எந்தத் தொழிலரின் ஏட்டிலும் சிலர் இருப்பார்கள். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி இத்தகைய பணத்துக்கு வழக்குத் தொடுக்கப் பொதுவாக மூன்று ஆண்டுகள் அவகாசம். அதற்குள் கேட்க வேண்டிய விதத்தில் கேட்பதும், தேவையானால் குறு, சிறு தொழிலருக்கென மாநில அரசு அமைத்துள்ள வசதி மன்றத்தில் முறையிடுவதும் தொழிலரின் கடமை. அதற்கும் வராத தொகையைக் கணக்கர்கள் நட்டத்தில் எழுதி ஏட்டை முடிக்கிறார்கள். அந்தப் பெயர் நிலுவைப் பட்டியலிலிருந்து நீங்கிய பிறகும் அதை நினைக்கும்தோறும் எரிச்சல் எழுமானால், ஏட்டில் ஒப்பு வந்துவிட்டது, எழுதியவரிடம் வரவில்லை. சிவஞான முனிவரின் வழியினர் அளவில் ஒப்பு, அறிவில் ஒப்பு என்று பிரித்துப் பார்ப்பது அன்றாடத் தொழிலில் கண்கூடாகத் தெரியும் இடம் இதுவே. முதல் ஒப்பை மார்ச் 31-ஆம் தேதிக்குள் முடித்துவிடலாம். இரண்டாவதற்கு நூல்கள் கெடு எதுவும் விதிக்கவில்லை. அடுத்து வரும் வாடிக்கையாளரிடம் பழைய கசப்பைச் சுமத்தாமல் விலை சொல்ல முடிகிறதா என்பதில் அதன் வளர்ச்சி தெரியும்.